'ஆகாசவாணி'க்குப் பின்னால் ஒரு சைக்காலஜி பேராசிரியர்: யார் இந்த எம்.வி. கோபாலசாமி?

பி.ஏ. சைக்காலஜி எடுக்கலாமா, பி.எஸ்சி. எடுக்கலாமா? எடுத்தால் வேலை கிடைக்குமா? ஐ.டி. வேலையை விட்டுட்டு கவுன்சலிங் பக்கம் போகலாமா என்று யோசிப்பவர்கள் இன்று நம் ஆபீஸ்களிலேயே நாலைந்து பேர் இருப்பார்கள். நூறு வருடங்களுக்கு முன்பு தென்னிந்தியாவில் இப்படி ஒரு குழப்பமே வந்திருக்காது. காரணம், அப்படி ஒரு டிகிரியே இங்கே இல்லை. அந்தப் படிப்புக்கு மைசூரில் அடித்தளம் போட்டவரைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. வேடிக்கை என்னவென்றால், அவர் பெயரைத் தேடினால் சைக்காலஜிக்கு முன்னால் ரேடியோதான் வந்து நிற்கிறது.

தத்துவத்தின் நிழலில் இருந்த பாடம்

மைசூரின் தேவராஜ மொஹல்லா என்றால் இன்று நமக்கு தேவராஜ மார்க்கெட், தேவராஜ அர்ஸ் ரோடு, மல்லிகையும் வெற்றிலையும் விற்கும் கடை வரிசைகள். அங்கிருந்து நடந்தே போய்விடக்கூடிய தூரத்தில் இருக்கிறது மகாராஜா கல்லூரி. 1833-ல் தொடங்கிய ஆங்கிலப் பள்ளியிலிருந்து வளர்ந்த கல்லூரி இது. 1916 ஜூலையில் மைசூருக்கென்று தனிப் பல்கலைக்கழகம் வரும்வரை சென்னைப் பல்கலைக்கழகத்தின் கீழ்தான் இருந்தது. பிரிட்டிஷ் இந்தியாவின் நேரடி ஆட்சிக்கு வெளியே, ஒரு சமஸ்தானத்தில் உருவான முதல் பல்கலைக்கழகம் மைசூர்தான். அதற்குப் பின்னால் இருந்தவர் நால்வடி கிருஷ்ணராஜ உடையார்.

அந்தக் காலத்தில் இந்தியக் கல்லூரிகளில் சைக்காலஜி என்பது தத்துவப் பாடத்தின் ஒரு ஓரம், அவ்வளவுதான். மனம் பற்றி மேலைநாட்டு அறிஞர்கள் எழுதியதைப் படித்து, தேர்வில் எழுதிவிட்டு வரலாம். சோதனைக்கூடம் கிடையாது, அளவீடு கிடையாது.

இதை முதலில் உடைத்தது கல்கத்தா. சோதனை உளவியலுக்கு 1905-லேயே அங்கே ஒரு பாடத்திட்டம் வரைந்தவர் தத்துவ அறிஞர் பிரஜேந்திரநாத் சீல். 1915-16-ல் அது தனித் துறையாகவே ஆனது. அதன் பொறுப்பை ஏற்றவர் ஹார்வர்டில் படித்துத் திரும்பிய என்.என். சென்குப்தா. பிறகு அதே சீல் மைசூர் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக வந்தார். கல்கத்தாவில் முளைத்த யோசனை இரண்டாவதாக மைசூரில் வேர்விட்டது தற்செயல் இல்லை என்பது இதிலேயே தெரியும்.

1924-ல் மைசூரில் சைக்காலஜி துறை தொடங்கியது. பொறுப்பேற்றவர் டாக்டர் எம்.வி. கோபாலசாமி. 1896 டிசம்பர் 31-ல் பிறந்தவர். அப்போது வயது 27. இன்று அந்த வயதில் நாம் இரண்டாவது கம்பெனிக்கு ரெஸ்யூமே அனுப்பிக்கொண்டிருப்போம்.

லண்டனில் என்ன படித்தார்?

கோபாலசாமி லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் சார்லஸ் ஸ்பியர்மனிடம் ஆராய்ச்சி செய்தவர். ஸ்பியர்மன் சாதாரண ஆள் இல்லை. ஒரு பாடத்தில் நன்றாகச் செய்கிற மாணவர் மற்ற பாடங்களிலும் ஓரளவு நன்றாகவே செய்கிறாரே, ஏன் என்று கேட்டு, எல்லாத் திறமைகளுக்கும் அடியில் பொதுவான ஒரு அறிவுத்திறன் இருக்கிறது என்று 1904-ல் வாதிட்டவர். அதை நிறுவ அவர் உருவாக்கிய கணக்கு முறைதான் ஃபேக்டர் அனாலிசிஸ். டேட்டா சயின்ஸில் இருப்பவர்களுக்கு இந்தப் பெயர் பழக்கமாகவே இருக்கும். அதன் பிறந்த வீடு சைக்காலஜி என்பது பலருக்குத் தெரியாது.

கோபாலசாமி எடுத்துக்கொண்ட கேள்வி கொஞ்சம் வித்தியாசமானது. கையால் செய்யும் ஒரு வேலையைப் பழகும்போது, அதில் புத்திக்கு எவ்வளவு பங்கு? இதற்குக் கண்ணாடி வரைதல் என்றொரு சோதனை உண்டு. காகிதத்தில் ஒரு நட்சத்திரம் இருக்கும். அதை நேராகப் பார்க்க முடியாதபடி மறைத்துவிடுவார்கள். எதிரே உள்ள கண்ணாடியில் தெரியும் பிம்பத்தைப் பார்த்துக்கொண்டே கோட்டின் மேல் பென்சிலை ஓட்ட வேண்டும். வீட்டில் முயற்சி செய்து பாருங்க, முதல் இரண்டு நிமிடம் கை உங்க பேச்சையே கேட்காது. எத்தனை தவறு, எவ்வளவு நேரம், எத்தனையாவது முறையில் சரியாகிறது என்று எல்லாவற்றையும் எண்ணலாம். இந்த ஆய்வுகள் பற்றிய அவரது கட்டுரைகள் 1924, 1925-ல் பிரிட்டிஷ் ஜர்னல் ஆஃப் சைக்காலஜியில் வெளிவந்தன.

ஊருக்கு வந்த பிறகுதான் சிக்கல்

லண்டனில் கற்ற சோதனைகளை அப்படியே மைசூரில் வைத்தால் என்ன ஆகும்? கேள்வி ஆங்கிலத்தில் இருக்கும். உதாரணங்கள் பனியும் பென்னியும் ஷில்லிங்கும். கன்னடமோ தமிழோ பேசும் வீட்டுப் பிள்ளை அதில் குறைந்த மதிப்பெண் வாங்கினால், குறைந்தது அந்தப் பிள்ளையின் அறிவா, ஆங்கிலமா? கேட்பதற்கு எளிது. ஆனால் இதற்குச் சரியான பதில் இல்லாமல் ஒரு குழந்தைக்கு மந்தம் என்று முத்திரை குத்திவிட்டால், அது அந்தப் பிள்ளையின் வாழ்க்கை முழுக்க ஒட்டிக்கொள்ளும்.

மேலைநாட்டு அறிவுத்திறன் சோதனைகளை இந்தியச் சூழலுக்கு ஏற்ப மாற்றுவதை கோபாலசாமி தன் வேலையின் மையமாக வைத்தது இதனால்தான். மைசூரில் விலங்குகளை வைத்து ஆராயும் ஆய்வகம் ஒன்றையும் அமைத்தார். பம்பாய் மாகாணத்தில் வி.வி. காமத் பினே சோதனையை கன்னடத்துக்கும் மராத்திக்கும் தகவமைத்து 1940-ல் புத்தகமாக வெளியிட்டார். அதையும் சேர்த்துப் பார்த்தால், இந்தப் பிரச்சினை அன்று எவ்வளவு பேரை உறுத்தியது என்பது புரியும். என் பார்வையில், இந்திய சைக்காலஜியின் ஆரம்பகாலச் சாதனை புதுக் கொள்கைகள் இல்லை. இந்தக் கேள்வியைக் கேட்டதுதான். இன்றும் கம்பெனிகளில் ஆள் எடுக்க வைக்கும் ஆன்லைன் 'ஆப்டிட்யூட்', 'பர்சனாலிட்டி' டெஸ்ட்களைப் பார்த்தால், யாரை வைத்து இதற்கு அளவுகோல் நிர்ணயித்தார்கள் என்று கேட்கத் தோன்றும்.

தமிழர்களுக்கு இதில் ஒரு தனிக் கணக்கு உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.டி. போவாஸ் தலைமையில் சைக்காலஜி துறை வந்தது 1943-ல். மைசூருக்கு 19 வருடம் கழித்து!

சரி, ரேடியோ எங்கே வந்தது?

கோபாலசாமி மகாராஜா கல்லூரியின் முதல்வராகவும் இருந்தவர். ஆனால் அவரை ஊர் முழுக்கத் தெரிய வைத்தது 1935 செப்டம்பர் 10. அன்று தன் வீடான 'விட்டல் விஹார்' வளாகத்திலிருந்தே ஒரு வானொலி நிலையத்தைத் தொடங்கினார். 30 வாட் டிரான்ஸ்மிட்டர்; சின்ன பல்பு ஒன்று எரியும் அளவு சக்தி. பின்னர் அதை 250 வாட்டாக உயர்த்தினார். இசை, பேச்சு, நாடகம் என்று நிகழ்ச்சிகள் போயின. ஆரம்பத்திலிருந்தே உடன் நின்றவர்களில் ஒருவர் கன்னட நகைச்சுவை எழுத்தாளர் நா. கஸ்தூரி. நிலையத்தின் பெயர் 'ஆகாசவாணி'. பெயரைச் சொன்னது கோபாலசாமியே என்பார்கள் சிலர், கஸ்தூரி என்பார்கள் சிலர்.

இதை இந்தியாவின் முதல் தனியார் வானொலி என்று பல இடங்களில் எழுதுகிறார்கள். அதில் ஒரு திருத்தம் தேவை. 1924-லேயே சி.வி. கிருஷ்ணசாமி செட்டியின் முயற்சியில் மெட்ராஸ் பிரசிடென்சி ரேடியோ கிளப் ஒலிபரப்பைத் தொடங்கிவிட்டது. பணமில்லாமல் 1927-ல் மூடினார்கள். பிறகு சென்னை மாநகராட்சி எடுத்து நடத்தியது. கோபாலசாமியின் சிறப்பு வேறு: சம்பளம் வாங்கும் ஒரு பேராசிரியர், வீட்டிலேயே நிலையம் வைத்து, அதை வருடக்கணக்கில் நிற்கவும் வைத்தார். பணச்சுமை தனிமனிதர் தாங்கக்கூடியதல்ல. 1942-ல் மைசூர் சமஸ்தான அரசு நிலையத்தை ஏற்றுக்கொண்டது. 1950-ல் அது அகில இந்திய வானொலியோடு இணைந்தது. 1955-ல் பெங்களூருக்கே இடம் மாறிவிட்டது.

இன்று இந்தப் படிப்பு எப்படி இருக்கிறது?

ரேடியோ பெங்களூருக்குப் போவதற்கு ஒரு வருடம் முன்பு, 1954-ல், அதே பெங்களூரில் அகில இந்திய மனநல நிறுவனம் உருவாகியிருந்தது. நிம்ஹான்ஸ் என்று இன்று நாம் சொல்வது அதன் வாரிசுதான். வகுப்பறைப் பாடமாக இருந்த சைக்காலஜிக்கு மருத்துவமனைக்குள்ளும் ஒரு இடம் கிடைத்தது அங்கேதான்.

டிகிரி திட்டமிடுபவர்கள் இங்கே ஒன்றை கவனிக்கணும். பி.ஏ.வோ பி.எஸ்சி.யோ, சைக்காலஜி இளநிலைப் பட்டம் மட்டும் ஒருவரை கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் ஆக்காது. அதற்கு மேற்படிப்பும் மருத்துவமனைப் பயிற்சியும், இந்திய மறுவாழ்வு கவுன்சிலின் பதிவும் வேண்டும். வேலையில் இருந்துகொண்டே தொலைதூரக் கல்வியில் படிக்கலாம் என்று நினைத்தவர்களுக்கு இன்னொரு செய்தி: 2025 ஜூலை-ஆகஸ்ட் பருவத்திலிருந்து தொலைதூர, ஆன்லைன் முறைகளில் சைக்காலஜிக்குப் புதிதாக மாணவர்களைச் சேர்க்கக் கூடாது என்று யு.ஜி.சி. உத்தரவிட்டுவிட்டது. கல்லூரியைத் தேர்வு செய்யும்போது கட்டணத்தைக் கேட்பதோடு, ஆய்வகம் உண்டா, எந்த மொழியில், யாருக்காகத் தயாரித்த சோதனைகளைக் கற்றுத் தருகிறார்கள் என்றும் கேளுங்க.

கோபாலசாமி 1957-ல் காலமானார். அவர் வீட்டு நிலையத்தின் பெயரை நாட்டின் வானொலியே சூட்டிக்கொண்டதும் அதையொட்டிய ஆண்டுகளில்தான். 2023-ல் 'ஆல் இந்தியா ரேடியோ' என்ற பெயரை விட்டுவிட்டு 'ஆகாசவாணி'யை மட்டும் பயன்படுத்த உத்தரவு வந்தபோது தமிழ்நாட்டில் எதிர்ப்பு கிளம்பியது. அவர் தொடங்கிய சைக்காலஜி துறை மைசூர் மானசகங்கோத்ரி வளாகத்தில் இன்றும் நடக்கிறது.