300-க்கு 190

ரூஸ்வெல்ட்னு சொன்னதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வருது? ஸ்கூல்ல படிச்ச இரண்டாம் உலகப் போர், நான்கு முறை அமெரிக்க அதிபர், அவ்வளவுதானே? அவரோட பிரஷரைப் பற்றி அந்தப் புத்தகத்தில் ஒரு வரிகூட இருந்திருக்காது.

பிராங்கிளின் ரூஸ்வெல்ட் பிறந்தது 1882-ல். 39 வயசுல போலியோன்னு டாக்டர்கள் சொன்னாங்க, ரெண்டு காலும் செயலிழந்துபோச்சு. அதுக்கப்புறம்தான் அதிபரானார். சக்கர நாற்காலி போட்டோவில் விழாமல் பார்த்துக்கிட்டாங்க. அதிபரின் உடம்பைப் பற்றி வெளியே பேசாமல் இருப்பது வெள்ளை மாளிகைக்குப் பழகிப்போன விஷயம்.

1935-ல் அவருடைய ரத்த அழுத்தம் 136/78. 1941-ல் 188/105. ஏறிக்கிட்டே போகுது, பாருங்க. கூடவே இருந்த டாக்டர் மெக்கின்டையரோ காது மூக்கு தொண்டை நிபுணர்! 1944 மார்ச்சில்தான் ஹோவர்ட் புரூயன் என்ற இளம் இதய மருத்துவர் அவரைப் பரிசோதித்தார். 186/108, இதயம் வீங்கி, செயல்திறன் குறைஞ்சிருந்தது. டிஜிட்டாலிஸ் கொடுத்தார், உப்பையும் சிகரெட்டையும் குறைக்கச் சொன்னார், ஓய்வு எடுக்கச் சொன்னார். இன்னைக்கு நம்ம தாத்தா பாட்டி தினமும் போடுற மாதிரி மாத்திரை அப்போ கிடையாது. தையசைடு வகை மருந்து கடைக்கு வந்ததே 1950-களின் கடைசியில்தான். இன்னொரு கொடுமை, விஷயத்தை அதிபரிடம் சொல்லக்கூடாதுன்னு புரூயனுக்கு உத்தரவு. அதிபரும் கேட்கவே இல்லை. அந்த நவம்பரில் நான்காவது முறையாக ஜெயித்தார்.

1945 ஏப்ரல் 12, ஜார்ஜியாவின் வார்ம் ஸ்பிரிங்ஸ். ஓவியர் ஒருவர் அவரை வரைந்துகொண்டிருந்தார். மதியம் பின்மண்டையில் கடுமையான வலி, அப்படியே சரிந்து நினைவிழந்தார். புரூயன் ஓடிவந்து பார்த்தபோது மேல் அளவு 300-ஐத் தாண்டியிருந்தது, கீழ் அளவு 190. ரத்தக் குழாயைத் தளர்த்தும்னு பப்பாவரின், அமைல் நைட்ரைட் கொடுத்தார். கையில் இருந்தது அவ்வளவுதான். 3:35-க்கு உயிர் பிரிந்தது. மூளையில் ரத்தக்கசிவு, வயது 63.

இன்னைக்கு அதே நோயாளி அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வந்தால் முதல் வேலையே மூளை ஸ்கேன்தான். கசிவு தெரிஞ்சா லேபெட்டலால், நிகார்டிபின் போன்ற மருந்தை நரம்பு வழியா ஏற்றி, நிமிஷத்துக்கு நிமிஷம் அளந்து குறைப்பாங்க.

ஆனா 200-ன்னு நம்பரைப் பார்த்தவுடனே எல்லாருக்கும் இப்படிச் செய்ய மாட்டாங்க. நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், பார்வை மங்கல், கை கால் பலவீனம் இருக்கான்னு பார்ப்பாங்க. ஈசிஜி, சிறுநீரகப் பரிசோதனையும் உண்டு. உறுப்பு எதுவும் பாதிக்கப்படலைன்னா, மாத்திரையில் மெதுவா, நாள் கணக்கில் குறைப்பதுதான் முறை. நம்ம பாஷையில சொன்னா, ரொம்ப நாளா உயர் அழுத்தத்தில் இருக்கிற மூளை, ரேஞ்ச் மாறிப்போன ஸ்டெபிலைசர். சட்டுனு இறக்கினா மூளைக்கு ரத்தம் போதாமல் பக்கவாதமே வரலாம். உறுப்பு பாதிப்பு இருந்தால்கூட, முதல் ஒரு மணி நேரத்தில் பொதுவா கால் பங்குக்கு மேல் குறைக்க மாட்டாங்க. மகாதமனி கிழிவு மாதிரி சில நோய்களுக்கு மட்டும் அவசரம் வேற.

ரூஸ்வெல்ட் இறந்து மூணு வருஷத்தில், 1948-ல், அமெரிக்கா தேசிய இதயச் சட்டம் கொண்டுவந்தது. உயர் அழுத்தத்தின் ஆபத்தை உலகத்துக்குக் காட்டிய பிரேமிங்ஹாம் ஆய்வும் அதே வருஷம்தான் தொடங்கியது. அவர் பிரஷரின் விவரங்களை புரூயன் வெளியிட்டது 1970-ல். ரூஸ்வெல்ட்டின் மருத்துவக் கோப்பு மட்டும் கடற்படை மருத்துவமனையிலிருந்து எப்பவோ காணாமல் போயிருந்தது.