சேவலுக்கு எப்படி வந்தது பெட்டை இறகு?

மார்கன்னு சொன்னாலே பிளஸ் டூ புத்தகத்துல பார்த்த பழ ஈதான் ஞாபகம் வரும், இல்லையா? அதே மனுஷர் சேவல்களையும் விட்டுவைக்கல. அந்தக் கதை நம்மில் பலருக்குத் தெரியாது.

தாமஸ் ஹண்ட் மார்கன் 1866-ல் அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் பிறந்தார். 1904-ல் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்கு வந்தார். சோதித்துப் பார்க்காமல் எதையும் ஒத்துக்கொள்ள மாட்டார். மெண்டலின் விதிகளையே முதலில் சந்தேகப்பட்டவர். 1910-ல் பால் பாட்டிலில் வளர்த்த ஈக்களில் வெள்ளைக் கண்ணோடு ஓர் ஆண் ஈ கிடைத்தது. அதன் வாரிசுகளை எண்ணிப் பார்த்த பிறகு தன் கருத்தை மாத்திக்கிட்டார். ஜீன்கள் குரோமோசோமில்தான் இருக்குன்னு அவர் குழு நிரூபித்தது.

அடுத்து செப்ரைட் கோழி. பொதுவா சேவலுக்குக் கழுத்தில் நீண்ட கூரான இறகு, வாலில் அரிவாள் மாதிரி வளைந்த இறகு இருக்கும். செப்ரைட் இனத்தில் சேவலுக்கும் பெட்டை மாதிரிதான் இறகு. வேறு இனத்தோடு கலந்தபோதும் பிறந்த சேவல்களுக்குப் பெட்டை இறகே வந்தது. அப்போ இது ஜீன் வேலை. ஆனா செப்ரைட் சேவலின் விந்தகத்தை அறுத்து எடுத்ததும், அடுத்து முளைச்சது அசல் சேவல் இறகு! அப்போ ஹார்மோன் வேலையா?

ரெண்டும்தான் என்றார் மார்கன். 1919-ல் இதைப் புத்தகமாகவே போட்டார். பெட்டையின் அண்டகத்தில் சுரக்கும் பொருள் மாதிரி ஒன்று செப்ரைட் விந்தகத்திலும் சுரந்து, சேவல் இறகைத் தடுக்குதுன்னு ஊகித்தார்.

1933-ல் நோபல் பரிசு வாங்கினார். அந்தப் பணத்தைத் தன் பிள்ளைகளோடு, கூட உழைத்த பிரிட்ஜஸ், ஸ்டர்ட்டவன்ட் இருவரின் பிள்ளைகளுக்கும் பங்கிட்டார். 1945-ல் காலமானார். செப்ரைட் கேள்விக்கு முழுப் பதில் வந்தபோது அவர் இல்லை.

அவர் ஊகம் பாதி சரி. தடுப்பது ஈஸ்ட்ரோஜன். ஆனா அது உருவாவது தோலில். டெஸ்டோஸ்டிரோனை ஈஸ்ட்ரோஜனாக மாற்றும் அரோமட்டேஸ் நொதியின் ஜீன், செப்ரைட்டின் தோலில் ஓயாமல் வேலை செய்யுது. இது 1980-களிலும் அதற்குப் பிறகும்தான் தெளிவாச்சு. விந்தகத்தை எடுத்தால் மாற்றுவதற்குச் சரக்கே இல்லை. அதனால்தான் சேவல் இறகு.

கோழி, வாத்து, மயில் குடும்பங்களில் பகட்டான இறகுதான் அடிப்படை. ஈஸ்ட்ரோஜன்தான் பெட்டையை மங்கலாக்குது. அடைகாக்கும்போது எதிரி கண்ணில் படாமல் இருக்க அது உதவும். மல்லார்ட் ஆண் வாத்தோ, இனப்பெருக்கக் காலம் முடிஞ்சதும் பச்சைத் தலையை உதிர்த்துவிட்டுச் சில மாதம் பெட்டை மாதிரியே திரியும். ஜீன் அதேதான், மாறுவது ஹார்மோன் அளவு.