சிவசங்கரநாராயண பிள்ளை

குற்றாலத்தை அடுத்த வல்லத்தில் 1901ஆம் ஆண்டு சுப்பையா சிவசங்கரநாராயண பிள்ளை பிறந்தார். குழந்தைப் பருவத்திலேயே தாயை இழந்தார்; பள்ளிப் படிப்பு முடியுமுன் தந்தையும் மறைந்தார். கல்வி தடைப்படும் அந்நிலையில், சாஸ்திரியார் என்னும் ஆசிரியர் தம் ஊதியத்திலிருந்து பொருளுதவி செய்தார். அவ்வுதவி சிறிதன்று.

பின்னாளில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் ஆசிரியராக அமர்ந்த பிள்ளை, சமன்பாடுகளின் ஆராய்ச்சியில் ஆழ்ந்தார். எட்டு என்பது இரண்டின் கனம். ஒன்பது மூன்றின் வர்க்கம். இவற்றின் வேறுபாடு ஒன்று. இங்ஙனம் வர்க்கம், கனம் முதலிய அடுக்குகள் இரண்டு, குறித்த ஒரு வேறுபாட்டுடன் எண்ணி முடிக்கத்தக்க சில முறையே அமையும் என அவர் கருதினார். அக்கருத்து இன்றளவும் முழுமையாக மெய்ப்பிக்கப்படவில்லை. எந்த முழு எண்ணையும் 73க்கு மேற்படாத ஆறாம் அடுக்குகளின் கூட்டுத்தொகையாக எழுதலாம் என்பதை 1940இல் நிறுவினார்.

அமெரிக்காவில் நடைபெறவிருந்த உலகக் கணித மாநாட்டிற்குப் புறப்பட்ட அவர், 1950 ஆகஸ்டு 31 அன்று எகிப்தில் நேர்ந்த விமான விபத்தில் உயிர் நீத்தார்.