கியோம் லெ ஜென்டில்

கியோம் லெ ஜென்டில் (செப்டம்பர் 12, 1725 – அக்டோபர் 22, 1792) ஒரு பிரெஞ்சு வானியலாளர் ஆவார். வெள்ளிக் கோள் சூரியனின் முகப்பைக் கடக்கும் இடைநகர்வைக் காண 11 ஆண்டுகளுக்கு மேலாக அலைந்தும் அதனை அளவிட இயலாமற் போனவராக அறியப்படுகிறார்.

முதல் முயற்சி

இடைநகர்வைப் புவியின் பல இடங்களிலிருந்து அவதானித்துச் சூரியனின் தொலைவைக் கணிக்க அக்கால அறிவியலாளர் திட்டமிட்டிருந்தனர். இதற்காக லெ ஜென்டில் 1760 மார்ச்சில் பிரான்சிலிருந்து புதுச்சேரிக்குப் புறப்பட்டார். அந்நகர் ஆங்கிலேயரிடம் வீழ்ந்ததால் அவரது கப்பல் மொரிசியசுக்குத் திரும்பியது. 1761 சூன் 6 அன்று நடுக்கடலில் இடைநகர்வைக் கண்டார்; ஆடும் கப்பலிலிருந்து துல்லியமாக அளவிட இயலவில்லை.

இரண்டாம் முயற்சி

அடுத்த இடைநகர்வுக்காக இந்தியப் பெருங்கடற் பகுதியிலும் மணிலாவிலும் தங்கியிருந்தார். மீண்டும் பிரான்சின் வசமாகியிருந்த புதுச்சேரியை 1768 இல் அடைந்து வானாய்வகம் அமைத்தார். அங்கு தமிழர் கிரகணங்களைக் கணிக்கும் முறையையும் கற்றார். 1769 சூன் 4 காலையில் முகில்கள் சூரியனை மறைத்தன. இடைநகர்வு முடிந்த பின்னரே வானம் தெளிந்தது. அதற்கடுத்தது 1874 இலேயே நிகழவிருந்தது.

பிற்காலம்

1771 இல் நாடு திரும்பியபோது, அவர் இறந்துவிட்டதாகக் கருதிய உறவினர்கள் சொத்தைப் பங்கிட முனைந்திருந்தனர். அறிவியல் கழகத்தில் அவரது இடமும் பறிபோயிருந்தது. பின்னர் மீண்டும் சேர்க்கப்பட்டார். இந்திய வானியலையும் விவரிக்கும் அவரது பயண நூல் 1779, 1781 ஆம் ஆண்டுகளில் இரு தொகுதிகளாக வெளிவந்தது.