பெஞ்சமின் பிராங்க்ளினும் அவர் வாழ்ந்த கடைவீதியும்

இடிதாங்கியை உலகுக்குத் தந்தவரென்றும், அமெரிக்க ஐக்கிய நாடுகளின் சுதந்தரப் பத்திரத்திற் கையொப்பமிட்டவருள் ஒருவரென்றும் பெஞ்சமின் பிராங்க்ளினைப் பற்றி நம் பிள்ளைகள் பாடபுஸ்தகங்களிற் படித்திருப்பர். அவர் ஒரு கடைக்காரர் என்பதை நினைப்பவர் சிலரே. அச்சுக்கூடம் வைத்து, காகிதமும் புஸ்தகமும் விற்று, கடைவாயிலிற் கிடந்த சேற்றைக் கண்டு மனம் வருந்திய ஒரு வியாபாரியாக அவரை நம் சங்கத்து அன்பர்களுக்கும் அவர்தம் குடும்பத்தார்க்கும் அறிமுகஞ் செய்விப்பதே இவ்வியாசத்தின் நோக்கமாகும். ஏனைப் பெருமைகளைப் பிறர் விரிவாக எழுதியுள்ளார்.

1706-ஆம் ஆண்டு ஜனவரி 17-ஆம் நாள் பாஸ்டன் நகரில் அவர் பிறந்தார். தந்தையார் மெழுகுவர்த்தியும் சவர்க்காரமும் செய்து விற்பவர். பதினேழு மக்களைப் பெற்றவர். அவருடைய ஆண்மக்களில் இளையவர் பெஞ்சமின். பன்னிரண்டாம் வயதில் தமையனாரின் அச்சுக்கூடத்தில் தொழில் பயிலச் சேர்ந்தார். தமையனாரின் கடுமையைப் பொறாது, 1723-இல் இரகசியமாகப் புறப்பட்டுப் பிலடெல்பியா சேர்ந்தார். கையில் இருந்த சில காசுகளுக்கு மூன்று பெரிய ரொட்டிகளை வாங்கி, கக்கத்துக்கு ஒன்றாக இரண்டை இடுக்கிக்கொண்டு, மூன்றாவதைத் தின்றவண்ணம் மார்க்கெட் தெருவில் நடந்தார். அவ்வேடிக்கையைத் தன் வீட்டு வாயிலில் நின்று பார்த்த பெண்ணே பிற்காலத்தில் அவருக்கு மனைவியாக வாய்த்தாள். அந்தத் தெருவையே பின்னர் அவர் திருத்தினார்.

லண்டனில் ஒன்றரையாண்டு தொழில் பழகித் திரும்பிய பின், 1728-இல் மெரிடித் என்பாரோடு கூட்டாக அச்சுக்கூடம் திறந்தார். முதல் கொடுப்பதாக ஏற்றவர் மெரிடித்தின் தந்தையார். நூறு பவுன் கொடுத்தார். மற்றை நூறுக்கு அவராற் கூடவில்லை. சரக்குக் கொடுத்த வர்த்தகர் வழக்குத் தொடுத்துவிட்டார். கூட்டாளியோ குடியிலும் சூதிலும் பொழுது போக்கினார். அச்சும் எழுத்துக்களும் ஏலத்துக்குப் போகும் நிலை. அவ்வேளையில் வில்லியம் கோல்மன், ராபர்ட் கிரேஸ் என்னும் நண்பர் இருவர், ஒருவர் செயலை மற்றவர் அறியாமல் தனித்தனியே வந்து, வேண்டும் பொருள் முழுவதையும் தாமே தருவதாகக் கூறினர். பிராங்க்ளின் ஒருவரை விட்டு ஒருவரிடம் வாங்க மனமின்றி, இருவரிடமும் பாதிபாதி பெற்றுக்கொண்டார். மெரிடித் தாமாகவே விலகினார். தொழில் பிழைத்தது. இக்கடனை அவர் அறுபதாண்டு கழித்தும் மறந்தாரல்லர் என்பதைப் பின்னே காண்போம்.

இவ்விருவரும் 1727-இல் பிராங்க்ளின் அமைத்த ஒரு சிறு சபையைச் சேர்ந்தவர். வெள்ளிக்கிழமை மாலைதோறும் கூடும் அச்சபையில் செருப்புத் தைப்பவர், தச்சர், கண்ணாடி பதிப்பவர், கடைக் கணக்கர் முதலியோர் இருந்தனர். அவர் பட்டணத்துக்குச் செய்த நன்மைகள் பலவும் முதலில் அங்கேதான் பேசப்பட்டன. 1731-இல் ஏற்பட்ட புஸ்தகசாலைக்கு ஐம்பது பேர் தலைக்கு 40 ஷில்லிங் முதலிலும், பின் ஆண்டுக்குப் பத்து ஷில்லிங்கும் கொடுக்க இசைந்தனர். சந்தாவுக்கு அலைந்தபோது அவர் ஓர் உண்மையைக் கற்றார். ஒரு யோசனையைத் தம்முடையதென்று சொன்னால் அண்டைவீட்டார் பொறாமையாற் கை சுருக்குகின்றனர். நண்பர் பலர் கூடிச் செய்வதென்றும், தம்மை அனுப்பினரென்றுஞ் சொன்னால் கை நீள்கின்றது. சந்தாப் புஸ்தகத்தைத் தூக்கிக்கொண்டு படியேறி இறங்கிய நம் சங்கத்துக் காரியஸ்தர்கள் இதனை நன்கு அறிவர்.

1736-இல் தீயணைக்குஞ் சங்கம் ஒன்று கண்டார். முப்பது பேர் சேர்ந்தனர். ஒவ்வொருவரும் தோல் வாளிகளையும், சாமான்களை வாரிக் கட்டப் பைகளையும் கூடைகளையும் ஆயத்தமாக வைத்திருக்கவேண்டும். மாதக் கூட்டத்துக்கு வாராதவர் சிறு அபராதம் கட்டவேண்டும். அவ்வபராதப் பணத்திலிருந்தே ஏணிகளும் நீர் இறைக்கும் யந்திரமும் வாங்கினர்.

இராக்காவல் விஷயத்திலே அவர் காட்டிய நீதி பெரிது. வீட்டுக்காரர் முறைவைத்துக் காவலுக்குப் போகவேண்டும். போக விரும்பாதவர் ஆண்டுக்கு ஆறு ஷில்லிங் கொடுத்து விலகலாம். அப்பணத்தைக் காவலதிகாரிகள் தாமே வைத்துக்கொண்டு, சிறிது குடிக்குக் கிடைத்த போக்கிரிகளைக் காவலில் நிறுத்தினர். ஐம்பது பவுன் சொத்துக்கூட இல்லாத ஏழை விதவையும், பண்டகசாலையில் ஆயிரக்கணக்கான பவுன் சரக்குடைய பெருவர்த்தகனும் அதே ஆறு ஷில்லிங் கொடுப்பது தகாதென்றும், சொத்துக்குத் தக்க வரி போட்டுக் கூலிக்குக் காவலரை அமர்த்தவேண்டுமென்றும் அவர் எழுதினார். அது சட்டமாவதற்குப் பல ஆண்டுகள் சென்றன. பொதுக்காரியத்துக்குத் தலைக்கு இவ்வளவென்று சமமாக விதிப்பதே நியாயமென நம்முள்ளும் வாதிப்போர் உளர். இவ்விதவையின் கணக்கை அவர்கள் எண்ணிப்பார்த்தல் நலம்.

இனிக் கடைவீதிக்கு வருவோம். பிலடெல்பியாவின் தெருக்கள் அகலமும் ஒழுங்கும் உடையன. ஆயினுங் கல் பாவப்படாதவை. மழைக்காலத்தில் பாரவண்டிகளின் சக்கரங்கள் உழுது சேறாக்கிவிடும். வெயிற்காலத்தில் புழுதி கண்ணை மறைக்கும். சந்தையருகே குடியிருந்த பிராங்க்ளின், சாமான் வாங்க வருவோர் சேற்றில் தத்தளிப்பதை நாள்தோறுங் கண்டார். பேசியும் எழுதியும் முயன்று, சந்தைக்கும் ஓரத்துச் செங்கல் நடைபாதைக்கும் நடுவேயுள்ள தெருவுக்குக் கல் பாவுவித்தார். ஆனால் தெருவின் மற்றப் பகுதி மண்ணாகவே இருந்தபடியால், அங்கிருந்து வரும் வண்டிகள் புதிய கல்லின்மேற் சேற்றை உதறின. பெருக்குவதற்கோ ஆளில்லை.

உழைப்பாளியான ஓர் ஏழையைத் தேடிப்பிடித்தார். வாரம் இருமுறை தெருவைப் பெருக்கி, ஒவ்வொரு வாயிலிலுமுள்ள குப்பையை அள்ளிப்போக வீட்டுக்கு மாதம் ஆறு பென்ஸ் போதுமென்றான் அவன். உடனே பிராங்க்ளின் ஒரு தாளை அச்சிட்டார். வருவோர் காலில் ஒட்டிச் சேறு வீட்டினுள் வாராது. வழி சுத்தமானால் வாங்குவோர் எளிதில் வந்து கடைகளில் வியாபாரம் மிகும். காற்று வீசும்போது சரக்கின்மேற் புழுதி படியாது என்று அதில் விளக்கினார். தருமம், புண்ணியம் என்னும் பேச்சையே எடாமல், கடைக்காரனுக்கு எது இலாபமோ அதை மட்டும் சொன்னமை அவருடைய கூரறிவுக்குச் சான்றாம். வீட்டுக்கொரு தாளாக அனுப்பிவிட்டு, ஓரிரு நாள் சென்றபின் சந்தா எழுதப் புறப்பட்டார். ஒருவர் தவறாமல் யாவரும் கையொப்பமிட்டனர்.

இவ்வேற்பாடு சிலகாலமே செம்மையாக நடந்தது. மனமுவந்து கொடுக்கும் சந்தா பெரும்பாலும் இவ்வளவு காலமே நிற்கும் என்பது எம் கருத்து. கொடாதவன் வாயிலும் சுத்தமாகவே இருக்குமாயின் கொடுப்பவன் எத்துணை நாள் கொடுப்பான்? ஆயினும் ஆறு பென்ஸ் செய்த வேலை வீண்போகவில்லை. சுத்தமான தெருவைக் கண்ட நகரத்தார், எல்லாத் தெருக்களுக்குங் கல் பாவவேண்டுமென ஆசைப்பட்டு, அதற்கான வரிக்கும் மனம் இசைந்தனர். பிராங்க்ளின் மசோதா எழுதிச் சபையிற் கொண்டுவந்தார். 1757-இல் அவர் இங்கிலாந்து சென்றபின் அது சட்டமாயிற்று. வரி விதிக்கும் முறையைச் சபையார் மாற்றியதை அவர் விரும்பவில்லை. தெருவிளக்கையும் சேர்த்ததை மெச்சினார். விளக்குப் பெருமையைச் சிலர் தமக்குச் சூட்டியதை மறுத்து, தன் வீட்டு வாயிலில் முதலில் விளக்கு வைத்த ஜான் கிளிப்டன் என்பாருக்கே அது உரியதென்றார். லண்டன் உருண்டைக் கண்ணாடி விளக்கு புகைபிடித்து மங்குவதைக் கண்டு, நான்கு தட்டைக் கண்ணாடியும், மேலே புகைபோக்கியும், கீழே காற்று நுழைய இடுக்குகளும் அமைத்ததே தம் வேலையென எழுதியுள்ளார்.

ஒரு வட்டாரத்துக் கடைக்காரர் பெரும்பான்மையோர் இசைந்தால் அனைவரும் கட்டணஞ் செலுத்தித் தம் வீதியைத் தாமே திருத்திக்கொள்ளும் முறை, 1970-இல் கானடா தேசத்து டொராண்டோ நகரின் புளூர் வெஸ்ட் வில்லேஜ் என்னும் கடைவீதியிற் சட்டபூர்வமாகத் தொடங்கிப் பல தேசங்களிற் பரவியது. பிலடெல்பியாவின் நடுப்பகுதியிலும் 1991 முதல் அத்தகைய ஏற்பாடு நடக்கலாயிற்று.

முதற்பணத்தைப் பிறர் பணத்துக்குத் தூண்டிலாக்கும் வித்தையை அவர் 1751-இல் ஆஸ்பத்திரி விஷயத்திற் காட்டினார். அந்த யோசனை டாக்டர் தாமஸ் பாண்டினுடையது. சந்தா தளர்ந்தபோது பிராங்க்ளின் சட்டசபையை நாடினார். பட்டணத்துக்கு மட்டுமே பயனென்று நாட்டுப்புறத்து அங்கத்தினர் மறுத்தனர். ஜனங்கள் முதலில் 2000 பவுன் திரட்டினால், பின்னர் சபை 2000 பவுன் தரும் என நிபந்தனை வைத்து மசோதா எழுதினார். அத்தொகை திரளாதென்று நம்பிய எதிரிகள், செலவில்லாமல் தருமப் பெயர் கிடைக்குமென எண்ணி வாக்களித்தனர். கொடுப்பவரோ, தம் ஒரு பவுன் இரண்டாகுமென்று மகிழ்ந்து கொடுத்தனர். வேண்டிய தொகைக்கு மேலாகவே திரண்டது. இத்தந்திரத்தை நினைத்து அவர் பின்பும் நாணவில்லை.

தம் தொழிலாளரையும் இவ்வாறே நிலைநிறுத்தினார். தென் கரோலினாவின் சார்ல்ஸ்டன் நகருக்கு ஒருவரை அனுப்பி, அச்சும் எழுத்தும் கொடுத்து, செலவில் மூன்றிலொன்று ஏற்று இலாபத்தில் மூன்றிலொன்று பெற்றார். அவருக்குப்பின் போன டிமத்தி என்பார் கணக்கனுப்புவதில் மந்தர். அவர் இறந்தபின் மனைவி எலிசபெத் மூன்று மாதத்துக்கொருமுறை தவறாமற் கணக்கனுப்பி, முடிவில் அச்சுக்கூடத்தையே விலைக்கு வாங்கி மகனுக்கு அளித்தாள். அவள் ஹாலந்து தேசத்திற் கணக்குக் கற்றவள். நம் பெண்மக்களைக் கணக்குப் படிப்பித்தல் அவசியமா என்று கேட்போர்க்கு இவள் சரித்திரத்தைச் சொல்லலாம்.

அவரிடம் குற்றமில்லையென்று கூறோம். அடிமைகளை வைத்திருந்தார், அடிமை விற்பனை விளம்பரங்களைத் தம் பத்திரிகையில் வெளியிட்டுக் காசு பெற்றார். முதுமையிலேதான் மனம் மாறி, 1787-இல் அடிமை ஒழிப்புச் சங்கத்தின் தலைவரானார். 1790 ஏப்ரல் 17-ஆம் நாள் தம் 84-ஆம் வயதிற் காலமானார்.

இறப்பதற்கு முன்னாண்டு மரணசாஸனத்தோடு ஓர் அனுபந்தம் சேர்த்தார். இளமையில் நண்பர் இருவர் தந்த கடனே தம் செல்வத்துக்கும் தம்மால் உலகுக்கு நேர்ந்த பயனுக்கும் அடிப்படையென அதில் நன்றியுடன் குறித்து, பாஸ்டனுக்கும் பிலடெல்பியாவுக்கும் ஆயிரம் ஆயிரம் பவுன் விட்டார். அந்நகரில் தொழில் பயின்ற, 25 வயதுக்குட்பட்ட, மணமான கைத்தொழிலாளர்க்கு அதிலிருந்து 15 முதல் 60 பவுன் வரை நூற்றுக்கு 5 வட்டியிற் கடன் கொடுக்கவேண்டும். கண்ணியமான இருவர் ஜாமீன் நிற்கவேண்டும். ஆண்டுக்குப் பத்திலொரு பங்கு திரும்பவேண்டும். நூறாண்டில் 1,31,000 பவுனாகப் பெருகுமென்றும், அதில் ஒரு லட்சத்தைக் கல்பாவிய வீதி, பாலம், நீர்க்கால் முதலிய பொதுவேலைகளிற் செலவிட்டு, மீதியை இன்னும் நூறாண்டு விடவேண்டுமென்றும் கணக்கிட்டார்.

கணக்குப்படி யாவும் நடக்கவில்லை. கடன் வாங்கியோர் பலர் திருப்பவில்லை. யந்திரத் தொழிற்சாலைகள் பெருகவே, தொழில் பயிலும் பழைய முறை மறைந்து, கடன் கேட்போரும் அருகினர். ஆயினும் பாஸ்டனில் அப்பணத்தோடு கார்னீகி கொடுத்த சமதொகையும் சேர, 1908-இல் கைத்தொழிற் பள்ளியொன்று எழுந்தது. இருநூறாண்டு நிறைந்து 1990-இல் கணக்குப் பார்த்தபோது, பாஸ்டனில் ஏறக்குறைய 50 லட்சம் டாலரும், பிலடெல்பியாவில் 20 லட்சத்துக்குச் சற்று மேலும் இருந்தன.