ஓகோவே ஆற்றங்கரையில் ஓர் ஔஷததானம்

ஆகாரம், ஔஷதம், சாஸ்திரம், அபயம் எனத் தானம் நான்கு என்பது சமண இல்லங்களில் சிறுவரும் அறிந்த செய்தி. உடற்பிணிக்கு மருந்தும் உயிர்ப்பிணிக்கு அறமும் ஒன்றையொன்று ஒத்தவை என்று கருதியே, நம் புலவர் இருவர் தம் அறநூல்களுக்குச் சிறுபஞ்சமூலம் என்றும் ஏலாதி என்றும் மருந்துப் பெயர்களைச் சூட்டினர். அந்த ஔஷததானத்தைத் தம் வாழ்நாளின் பின்பாதி முழுவதற்கும் உரிய தொழிலாக ஏற்றுக்கொண்டவர் ஆல்பர்ட் சுவைட்சர். பிறப்பால் கிறித்தவர், தந்தையார் ஒரு சிற்றூர்த் திருச்சபைப் போதகர். ஆயினும் உயிர்க்கு ஊறு செய்யாமை குறித்து இருபதாம் நூற்றாண்டு ஐரோப்பாவில் அவரளவு ஆழ்ந்து எண்ணியவர் சிலரே. அவர் வழங்கிய தானத்தின் புகழ் அவருக்குரியது. அதன் விலையில் பெரும்பகுதியைச் செலுத்தியவர்கள் அவருடைய மனைவியும் மகளும். அவர்களை விட்டுவிட்டு அவர் வரலாற்றைச் சொல்வது பாதி வரலாறே ஆகும்.

1875ஆம் ஆண்டு சனவரி 14ஆம் நாள் அல்சாஸ் நிலப்பகுதியில் கைசர்ஸ்பெர்க் என்னும் ஊரில் சுவைட்சர் பிறந்தார். அப்பகுதி அன்று செர்மனியின் ஆட்சியில் இருந்தது. இன்று பிரான்சு நாட்டில் உள்ளது. அவர் பிறந்த ஆண்டிலேயே குடும்பம் குன்ஸ்பாக் என்னும் பள்ளத்தாக்கு ஊருக்குக் குடிபெயர்ந்தது. இரவில் தாயார் சொல்லித் தந்த வழிபாட்டில் மனிதர்களுக்கு மட்டுமே வேண்டுதல் இருப்பது அச்சிறுவனுக்கு விளங்கவில்லை. தாயார் விளக்கை எடுத்துக்கொண்டு அகன்றபின், மூச்சுள்ள எல்லா உயிர்களும் தீங்கின்றி உறங்க வேண்டும் என்று தானே ஒரு வேண்டுதலை அமைத்து மனத்துக்குள் சொல்லிக்கொள்வான். ஏழெட்டு வயதில் தோழன் ஒருவன் பறவை அடிக்க அழைத்துச் சென்றான். இலையற்ற மரத்தில் பறவைகள் அஞ்சாமல் பாடிக்கொண்டிருந்தன. தோழனுடைய ஏளனத்துக்கு அஞ்சி இவனும் கவணில் கல்லை வைத்தான். அவ்வேளையில் ஆலயமணி ஒலித்தது. கவணை எறிந்துவிட்டுப் பறவைகளை விரட்டிப் பறக்கச் செய்து வீட்டுக்கு ஓடினான். பிறர் நகைப்புக்கு அஞ்சி ஓர் உயிருக்குத் தீங்கு செய்வதில்லை என்னும் உறுதி அன்று தொடங்கியது என்று பிற்காலத்தில் அவரே எழுதி வைத்தார்.

வளர்ந்தபின் அவர் அடைந்த சிறப்புகள் பல. ஸ்ட்ராஸ்பூர்க் பல்கலைக்கழகத்தில் மெய்யியலிலும் இறையியலிலும் பட்டங்கள். பாரீசில் விதோர் என்னும் பேராசானிடம் ஆர்கன் இசைப்பயிற்சி. இசைமேதை பாஃக் குறித்தும் இயேசுவின் வரலாற்றாய்வு குறித்தும் அறிஞர் போற்றிய நூல்கள். முப்பது வயதுக்குள் இவற்றைப் பெற்றவர் அவற்றில் நிலைத்திருந்தாலும் பெரும்புகழ் பெற்றிருப்பார். ஆனால் இருபத்தொன்றாம் வயதில், 1896ஆம் ஆண்டின் ஒரு திருநாட்காலையில், அவர் தமக்கு ஒரு வரையறை செய்துகொண்டிருந்தார். முப்பது வயதுவரை கல்விக்கும் கலைக்கும். அதன்பின் நேரடியாக மக்கள் தொண்டுக்கு. இளமையில் பலரும் செய்துகொள்ளும் உறுதிதான். அதனை நாள் தவறாமல் நிறைவேற்றியவர் அரியர்.

மத்திய ஆப்பிரிக்காவில் காபோன் பகுதியில் மருத்துவர் இல்லாமல் மக்கள் துன்புறுவதை ஒரு சமயப்பணிக் குழுவின் இதழில் அவர் 1904இல் படித்தார். அடுத்த ஆண்டு அக்டோபரில் பெற்றோருக்கும் நண்பர்களுக்கும் தம் முடிவை மடல்வழி அறிவித்தார். பேராசிரியராக இருந்தவர் மாணவர்களுடன் மீண்டும் மாணவராக அமர்ந்து மருத்துவம் பயின்றார். உறவினரும் நண்பரும் தடுத்தனர். சமயக் குழுவினர்க்கும் அவருடைய இறையியற் கருத்துகளில் ஐயம் இருந்தது. போதனை செய்வதில்லை, மருத்துவம் மட்டுமே செய்வேன் என்று உறுதியளித்தே அவர் இசைவு பெற வேண்டியதாயிற்று.

தடுக்காதவர் ஒருவர் ஹெலேன் பிரெஸ்லாவ். வரலாற்றுப் பேராசிரியர் ஒருவரின் மகள். யூத மரபில் வந்தவர். ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் ஆதரவற்ற குழந்தைகளின் நலம் பேணும் அலுவலராகப் பணியாற்றியவர். சுவைட்சரின் நூற்படிகளைத் திருத்திச் செப்பம் செய்தவரும் அவரே. காட்டு மருத்துவமனைக்குத் துணை வேண்டும் என்பதற்காகச் செவிலியர் பயிற்சியும் பெற்றார். 1912ஆம் ஆண்டு சூன் திங்களில் இருவரும் மணந்தனர். மறுமார்ச்சில் மருந்தும் கருவிகளும் அடங்கிய எழுபது பெட்டிகளுடன் புறப்பட்டனர். 1913 ஏப்ரலில் ஓகோவே ஆற்றங்கரையில் உள்ள லம்பரேனே சேர்ந்தனர்.

அங்கே மருத்துவமனை என்று சொல்ல ஒரு கூரையும் இல்லை. பழைய கோழிக்கொட்டில் ஒன்றைத் தூய்மை செய்து, சுவருக்குச் சுண்ணம் தீட்டி, அதுவே முதல் மருத்துவ அறையாயிற்று. குளிர்காய்ச்சல், தொழுநோய், உறக்கநோய், வயிற்றுக்கடுப்பு, குடலிறக்கம், ஆறாப்புண் ஆகியவற்றுடன் மக்கள் பல நாள் படகில் வந்தனர். முதல் ஒன்பது மாதங்களில் ஏறத்தாழ 2,000 பேர் மருத்துவம் பெற்றனர். அறுவைக்கு முன் மயக்கமருந்து கொடுப்பது, கருவிகளைக் கொதிநீரில் இடுவது, கட்டுத்துணி வெளுப்பது, வீட்டுச் சமையலைக் கவனிப்பது எல்லாம் ஹெலேனின் பொறுப்பு. சமையற்காரராக இருந்து மொழிபெயர்ப்பாளராகவும் உதவியாளராகவும் உயர்ந்த யோசேப்பு என்னும் அவ்வூர்க்காரரின் துணை இன்றி அம்மருத்துவமனை ஓராண்டும் நடந்திராது.

நோயாளிகள் குடும்பத்தோடு வந்து தங்கினர். உறவினரே சமைத்தனர், உறவினரே அருகிருந்து பேணினர். ஐரோப்பிய முறைப்படி நோயாளியைத் தனிக்கட்டிலில் கிடத்தி உறவைப் பிரிப்பதை சுவைட்சர் விரும்பவில்லை. ஆடும் கோழியும் உலவும் அந்த ஊர்போன்ற மருத்துவமனையைப் பிற்காலத்தில் தூய்மை போதாது என்று பலர் குறை கூறினர். ஆப்பிரிக்க மக்களைத் தமக்கு இளையோராகக் கருதிய மூத்தோன் மனப்பான்மை அவரிடம் இருந்தது என்னும் கண்டனமும் உண்டு, அது பொய்யன்று. தம் காலத்தின் அக்குறையை அவர் முற்றும் கடக்கவில்லை.

1914இல் உலகப் போர் மூண்டது. பிரெஞ்சு ஆட்சிப்பகுதியில் செர்மானியக் குடிமக்களாக இருந்தமையால் கணவனும் மனைவியும் வீட்டுக்காவலில் வைக்கப்பட்டனர். ஐரோப்பாவின் நாகரிகம் ஏன் கொலைக்களமாக மாறிற்று என்னும் வினா அவரை வாட்டியது. அறத்துக்கு அடிப்படை எது என்று தேடினார். ஓராண்டு கழிந்தும் விடை தோன்றவில்லை. 1915 செப்டம்பரில் நோயுற்ற ஒரு மாதைக் காண ஆற்றில் நெடும்பயணம் மேற்கொண்டார். மூன்றாம் நாள் அந்திப்பொழுதில் படகு நீர்யானைக் கூட்டம் ஒன்றினூடே சென்றபோது, எதிர்பாராமல் ஒரு தொடர் அவர் உள்ளத்தில் எழுந்தது. உயிர்க்கு வணக்கம் என்று அதனைத் தமிழில் சொல்லலாம். வாழ விரும்பும் உயிர்களின் நடுவே வாழ விரும்பும் ஓர் உயிர் தாம் என்பதை உணர்வதே அறத்தின் தொடக்கம் என்று அவர் கண்டார்.

இக்கருத்தை அவர் 1923இல் வெளியிட்ட நூலில் விரித்தார். தன் பசுவுக்குத் தீனியாக ஆயிரம் பூக்களை அரியும் உழவன், வீடு திரும்பும் வழியில் ஒரு பூவைக்கூட வீணே கொய்தல் ஆகாது என்பது அவர் காட்டும் எடுத்துக்காட்டு. சமண நூல்களைப் பயின்றோர்க்கு இது புதிதன்று. பயனின்றி உயிர்க்கு ஊறு செய்தலை விலக்கும் அநர்த்ததண்ட விரதத்தின் பொருளே இது. கொல்லும் எண்ணத்தோடு செய்யும் சங்கல்ப இம்சையை இல்லறத்தான் அறவே விலக்க வேண்டும், சமையலிலும் தொழிலிலும் தவிர்க்க இயலாது நேர்வதைக் குறைத்துக்கொள்ள வேண்டும் என்று வகுத்த மரபுக்கு ஓர் ஐரோப்பிய மருத்துவர் தம் வழியே நடந்து அருகில் வந்திருக்கிறார். நோயாளியைக் காக்கக் கிருமிகளைக் கொல்லும் தம் தொழிலையே அவர் எண்ணிப் பார்த்தார். பறவைக்குஞ்சு ஒன்றைக் காக்க மீன்களை இரையாக்க வேண்டியிருந்ததும் அவரை உறுத்தியது. தேவை என்று சொல்லி மனத்தை ஆற்றிக்கொள்வதை அவர் ஏற்கவில்லை; ஒவ்வொரு முறையும் பொறுப்பைத் தாமே சுமக்க வேண்டும் என்றார். கட்டடம் எழுப்பும்போது தூண் நாட்டும் குழியில் தேரையோ எறும்போ இருக்கிறதா என்று பார்த்து எடுத்துவிட்டபின்பே தூணை இறக்கச் செய்வார்.

1935இல் இந்தியச் சிந்தனையாளர் குறித்து அவர் எழுதிய நூலில், கொல்லாமையையும் ஊறு செய்யாமையையும் கட்டளையாக வகுத்தது மனித குலத்தின் ஆன்ம வரலாற்றில் மிகப்பெரும் நிகழ்ச்சிகளுள் ஒன்று என மதிப்பிட்டு, அப்பெருமையைச் சமணத்துக்கு உரியதாக்கினார். அதே நூலில், அக்கட்டளை உலகின் மாசு படாதிருக்கும் விருப்பிலிருந்து பிறந்ததேயன்றி இரக்கத்திலிருந்து அன்று என்றும் எழுதினார். இதனை ஒப்புவதற்கில்லை. துறவியின் மகாவிரதத்தை உற்று நோக்கியவர், இல்லறத்தாரின் அணுவிரதத்தையும் நால்வகைத் தானத்தையும் போதிய அளவு நோக்கவில்லை. செயல்படும் அன்பின் நூலாகத் திருக்குறளை அவர் அந்நூலிலேயே போற்றுகிறார். குறளைக் குந்தகுந்தாசாரியர் அருளியது எனக் கொள்ளும் நம் மரபு அவருக்குத் தெரிந்திருந்தால் தம் முடிவை மீண்டும் ஆராய்ந்திருக்கக்கூடும்.

இனி அவர் குடும்பத்துக்கு வருவோம். 1917இல் இருவரும் சிறைப்பட்டோராகப் பிரான்சுக்குக் கொண்டுசெல்லப்பட்டு முகாம்களில் அடைக்கப்பட்டனர். அதற்கு முந்திய ஆண்டே அவர் தாயார் குன்ஸ்பாக் சாலையில் படைக்குதிரைகள் மோதி இறந்திருந்தார். 1918இல் விடுதலை பெற்று ஊர் திரும்பியபோது கடனும் நோயுமே எஞ்சின. 1919ஆம் ஆண்டு சனவரி 14ஆம் நாள், தந்தையின் பிறந்தநாளிலேயே, மகள் ரேனா பிறந்தாள்.

ஹெலேனுக்குக் காசநோய். வெப்பக்காட்டின் தட்பவெப்பம் அவர் உடலுக்கு இனி ஆகாது. செர்மனியின் கருங்காட்டுப் பகுதியில் கோனிக்ஸ்பெல்டு என்னும் ஊரில் 1923இல் சுவைட்சர் அவருக்கு ஒரு வீடு கட்டினார். 1924 பிப்ரவரியில் மனைவியையும் ஐந்து வயது மகளையும் அங்கே விட்டு லம்பரேனேக்குப் புறப்பட்டார். அந்தப் பயணத்துக்கு இசைந்தவர் ஹெலேன். மருத்துவமனைக்காகப் பயிற்சி பெற்று, அதனை உடனிருந்து எழுப்பி, அதனாலேயே உடல்நலம் இழந்தவர், அதனை மீண்டும் காண இயலாமல் கணவனை மட்டும் அனுப்பினார். அத்தியாகத்துக்குத் தாம் என்றும் நன்றியுடையவர் என்று கணவர் எழுதியதுண்டு. நன்றி வேறு, உடனிருத்தல் வேறு.

திரும்பிச் சென்றவர் கண்டது இடிந்த கூரைகளும் புதர் மண்டிய முற்றமும். 1925இல் வயிற்றுக்கடுப்பும் பஞ்சமும் சேர்ந்து தாக்கின, இடம் போதவில்லை. ஏறத்தாழ மூன்று கிலோமீட்டர் தொலைவில் காடு திருத்திப் புதிய மருத்துவமனை எழுப்பினார். 1927 சனவரியில் நோயாளிகள் அங்கே மாறினர். பகலில் மருத்துவமும் மரவேலை மேற்பார்வையும். இரவில் எழுத்தும், பாரீசு நண்பர்கள் அளித்த மிதிகட்டையுடன் கூடிய பியானோவில் பாஃக் இசையும். அவ்விடைவெளியில் தந்தையார் இறந்த செய்தி மடலாகவே வந்தது. 1927 சூலையில் ஐரோப்பா திரும்பியபோது மகளுக்கு வயது எட்டு.

அதன்பின்னரும் அவர் வாழ்வு ஆற்றங்கரைக்கும் ஐரோப்பிய மேடைகளுக்கும் இடையே ஓடியது. அரங்குதோறும் ஆர்கன் வாசித்தும் சொற்பொழிவாற்றியும் பெற்ற பொருள் மருந்தாக மாறிற்று. ஹெலேன் 1929இல் உடன் சென்று, உடல் தாங்காமல் சில மாதங்களில் திரும்பினார். இட்லர் ஆட்சி வந்தபின் யூத மரபினரான அவருக்குச் செர்மனியில் இடமில்லை. மகளுடன் சுவிட்சர்லாந்து சேர்ந்தார். அந்நிலையிலும் அமெரிக்கா சென்று பேசி மருத்துவமனைக்குப் பொருள் திரட்டினார். 1940இல் பிரான்சு வீழ்ந்தபோது நோயாளியான அந்த அறுபது வயது அம்மையார் ஓடத் தொடங்கினார். போர்ச்சுகல் வழியாகக் கப்பலேறி, அங்கோலா கடந்து, 1941 ஆகத்தில் லம்பரேனே வந்து சேர்ந்தார். முன்னறிவிப்பின்றி வாழ்வைப் பறித்த போர்தான் அவர்களை மீண்டும் ஓரிடத்தில் சேர்த்து வைத்தது. 1946 வரை செவிலியர் ஓய்வு பெறும்பொருட்டு அவர்தம் பணியை அவரும் பகிர்ந்துகொண்டார்.

1952ஆம் ஆண்டுக்குரிய அமைதி நோபல் பரிசு சுவைட்சருக்கு வழங்கப்பட்டது. பரிசுத்தொகை மருத்துவமனையை அடுத்துத் தொழுநோயாளர் குடியிருப்பு அமைக்கச் செலவாயிற்று. 1957 ஏப்ரலில் அணுகுண்டுச் சோதனைகளை நிறுத்துமாறு ஆசுலோ வானொலி வழி உலகுக்கு வேண்டுகோள் விடுத்தார். ஐந்து வாரம் கழிந்து, சூன் முதல் நாள், ஹெலேன் சூரிக் நகரில் காலமானார். அவருடைய சாம்பல் லம்பரேனேக்குக் கொண்டுவரப்பட்டு மருத்துவமனை வளாகத்திலேயே புதைக்கப்பட்டது.

ரேனா நான்கு குழந்தைகளுக்குத் தாயாகி, அவர்கள் வளர்ந்தபின் ஆய்வுக்கூடப் பயிற்சி பெற்று, தந்தையின் மருத்துவமனையில் ஆய்வகப் பணியை ஏற்றார். குழந்தைப் பருவத்தில் மடல்களிலும் விடுமுறைகளிலும் மட்டுமே அறிந்த தந்தையோடு நாள்தோறும் ஒரே முற்றத்தில் பணியாற்றும் வாய்ப்பு அவருக்கு நடுவயதில்தான் கிட்டியது. 1965 செப்டம்பர் 4ஆம் நாள், தொண்ணூறாம் வயதில், சுவைட்சர் உயிர்நீத்தார். மனைவியின் கல்லறைக்கு அருகே, தம் கையால் செய்து வைத்திருந்த எளிய மரச்சிலுவையின் கீழ் அவரை அடக்கம் செய்தனர். மறுநாளும் படகுகளில் நோயாளிகள் வந்தனர். மருத்துவமனையின் நிருவாகத்தை ரேனா ஏற்று, 1970 வரை நடத்தினார்.