முத்துலட்சுமி ரெட்டி: சிறுமிகளுக்காகச் சட்டமும் எழுதினார், வீட்டுக் கதவையும் திறந்தார்

சிங்கப்பூரில் பரதநாட்டியம் கத்துக்கிற பிள்ளைகள் நிறைய. நூறு வருஷத்துக்கு முன்னாடி அந்த ஆட்டத்தின் பெயர் சதிர். கோயிலுக்கு நேர்ந்துவிடப்பட்ட தேவதாசிகள் ஆடியது அது. அந்தச் சமூகத்தில் பிறந்த சந்திரம்மாளின் மகள்தான் முத்துலட்சுமி ரெட்டி. பிறந்தது 1886இல், புதுக்கோட்டையில்.

அப்பா நாராயணசாமி ஐயர் கல்லூரி முதல்வர். பெண் பிள்ளை வயதுக்கு வந்தால் படிப்பை நிறுத்திவிடும் காலம். அவரோ மகளை வீட்டில் வைத்தே படிக்கவைத்தார். பிறகு ஆண்கள் மட்டும் படித்த மகாராஜா கல்லூரியில் சேர்ப்பதற்கு எதிர்ப்பு கிளம்பியது. புதுக்கோட்டை மன்னர் அனுமதி கொடுத்தார். 1912இல் சென்னை மருத்துவக் கல்லூரியிலிருந்து டாக்டராக வெளியே வந்தார் முத்துலட்சுமி.

1926இல் சென்னைச் சட்டமன்றத்துக்கு நியமிக்கப்பட்டார். பிரிட்டிஷ் இந்தியாவில் சட்டமன்ற உறுப்பினரான முதல் பெண் அவர்தான். அங்கே கையில் எடுத்த முக்கியமான விஷயம், பொட்டுக்கட்டு.

பொட்டுக்கட்டுன்னா என்ன?

சின்ன வயதிலேயே ஒரு சிறுமிக்குக் கோயிலில் பொட்டு கட்டி, அவள் சாமிக்கு மனைவி என்று அறிவிப்பார்கள். பிறகு அவள் வேறு யாரையும் கல்யாணம் செய்ய முடியாது. ஆட்டம், பாட்டு, படிப்பு கிடைக்கும். சிலருக்குச் சொத்தும் மரியாதையும் இருந்தன. ஆனால் பருவம் அடைந்ததும் பணக்கார ஆண் ஒருவரிடம் ஒப்படைக்கப்பட்ட சிறுமிகள் ஏராளம். விபசார விடுதிகளுக்குப் போய்ச் சேர்ந்தவர்களும் உண்டு. அன்றைக்கு இதற்குப் பெயர் வழக்கம். இன்றைக்கு நாம் அதைச் சிறுவர் பாலியல் துன்புறுத்தல் என்போம்.

இதைத் தடுக்கச் சட்டமே இல்லையா என்று கேட்கலாம். இருந்தது. சிறுமிகளை விபசாரத்துக்கு விற்பது, 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டத்திலேயே குற்றம்தான். அப்புறம் ஏன் நிற்கவில்லை?

ஒரு காரணம், நிலம். கோயில் சேவைக்காகத் தேவதாசிக் குடும்பங்களுக்கு மானிய நிலம் இருந்தது. சேவை நின்றால் நிலம் போய்விடும். அதனால் அடுத்த தலைமுறையிலும் ஒரு பெண்ணுக்குப் பொட்டு கட்டியாக வேண்டும். மகள் இல்லையென்றால் தத்தெடுத்தாவது கட்டுவார்கள். பாட்டிக்கும் அம்மாவுக்கும் பிள்ளைமேல் பாசம் இருந்திருக்கும். ஆனால் வீட்டில் சோறு வேகுவது அந்த நிலத்தால்.

முத்துலட்சுமி கைவைத்தது அந்த முடிச்சில்தான். 1929இல் அவர் முயற்சியால் வந்த சட்டத்திருத்தம், நிலத்தையும் கோயில் சேவையையும் பிரித்தது. பொட்டு கட்டாவிட்டாலும் நிலம் குடும்பத்துக்கே. இதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. ஆனால் அவர் செய்ததிலேயே ரொம்பப் புத்திசாலித்தனமான காரியம் இது என்று எனக்குத் தோணுது.

பொட்டுக்கட்டையே தடைசெய்யும் மசோதாவை அடுத்துக் கொண்டுவந்தார். எதிர்ப்பு பலமாக வந்தது. மரபைத் தொடாதே என்றார்கள் ஆண் தலைவர்கள் சிலர். தேவதாசிகளும் மனு கொடுத்தார்கள். பாடகி பெங்களூர் நாகரத்தினம்மாள் அவர்களில் ஒருவர். நாங்கள் கலைஞர்கள், எங்கள் எல்லாரையும் விபசாரிகள் என்று ஒரே கூடையில் போடாதீர்கள் என்பது அவர்கள் வாதம். வளர்ந்த பெண்களைப் பொறுத்தவரை அதில் நியாயம் இருக்கு. பின்னாளில் சதிர் பரதநாட்டியமாகி மேடை ஏறியபோது, அதைக் காத்துவந்த பெண்கள் பலர் ஒதுக்கப்பட்டார்கள். அதை மறைக்க முடியாது. ஆனால் ஏழெட்டு வயதுப் பிள்ளையிடம் யார் சம்மதம் கேட்டார்கள்?

காந்தி கைதானதைக் கண்டித்து 1930இல் அவர் பதவி விலகினார். தடைச் சட்டம் நிறைவேறியது 1947இல்தான். அந்த 17 வருஷத்தில் எத்தனை சிறுமிகள்!

அதே காலத்தில் சிங்கப்பூரில்?

இங்கேயும் இதே போலக் கேள்விகள் எழுந்தன. ஏழைச் சீனக் குடும்பங்களின் சிறுமிகள் 'முய் சாய்' என்ற பெயரில் வேலைக்காரிகளாகக் கைமாற்றப்பட்டார்கள். அவர்களில் பலர் அடி உதையும் பாலியல் கொடுமையும் அனுபவித்தார்கள். அவர்களைப் பதிவு செய்ய 1932இல் சட்டம் வந்தது. தப்பி வந்த பெண்களுக்கு அடைக்கலம் தர, போ லியுங் குக் இல்லம் அதற்கு முன்பே இருந்தது.

சென்னையில் அப்படி அடைக்கலம் கிடைப்பது லேசாக இல்லை. பொட்டுக்கட்டிலிருந்து தப்பிய சில சிறுமிகள் முத்துலட்சுமியைத் தேடி வந்தார்கள். விடுதிகளில் இடம் தரவில்லை. தேவதாசி வீட்டுப் பிள்ளை என்றால் அவ்வளவுதான், கதவு சாத்தப்படும். தப்பு செய்யாத பிள்ளைக்கு இரண்டாவது தண்டனை! டாக்டர் அவர்களைத் தன் வீட்டிலேயே தங்கவைத்தார். அப்படித்தான் 1930களின் தொடக்கத்தில் அவ்வை இல்லம் பிறந்தது.

அங்கே தங்க இடமும் சாப்பாடும் கிடைத்தன. அதோடு பள்ளிக்கூடம். வளர்ந்த பெண்களுக்கு ஆசிரியர், தாதி போன்ற வேலைகளுக்கான வழி. இன்றைக்குச் சிங்கப்பூரில் ஒரு பிள்ளை பாதிக்கப்பட்டதாகத் தகவல் வந்தால், சமூக ஊழியர்கள் முதலில் பார்ப்பது, பிள்ளை இப்போது பத்திரமாக இருக்கா என்பதைத்தான். பள்ளி, நண்பர்கள், நம்பக்கூடிய ஒரு பெரியவர் என்று வழக்கமான பிள்ளைப் பருவத்தைத் திரும்பக் கொடுப்பது அதன்பிறகு. அதற்குத்தான் நீண்ட காலம் பிடிக்கும். முத்துலட்சுமி சமூகப் பணி படித்தவர் இல்லை. வரிசை மட்டும் அதேதான்.

அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனை உருவானதும் அவர் உழைப்பால்தான். 1956இல் பத்மபூஷண். 1968 ஜூலை 22ஆம் தேதி, 82ஆவது பிறந்தநாளுக்கு எட்டு நாள் முன்னால் காலமானார். அவ்வை இல்லம் இன்னும் இயங்குகிறது.

உதவி வேண்டுமா? உங்களுக்கோ தெரிந்த பிள்ளைக்கோ இப்படி ஏதாவது நடந்தால், வன்முறை, பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான தேசிய உதவித் தொலைபேசி எண் 1800-777-0000. 24 மணி நேரமும் அழைக்கலாம். உடனடி ஆபத்து என்றால் 999.